பொன்விழா ரேகை

அந்தக் கேளிக்கைப் பூங்காவில் ஐம்பது வருடங்களாக ஒரு விபத்துகூட நடந்ததில்லை. நடக்காமல் பார்த்துக்கொள்வதற்கென்றே அங்கே ஒரு துறை இருக்கிறது. அதன் பெயர் வரலாற்றுத் துறை.

நம்பாதவர்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போய்ப் பார்க்கலாம். ஒவ்வொரு வேடிக்கைக்கும் முன்னால் இடுப்பளவு உயரத்தில் ஒரு கருங்கல் பலகை நிற்கும். அதில் ஒரு தேதி, மூன்று வாக்கியம், அடியில் அன்றைய பொது மேலாளரின் பெயர். எதிரொலிக் குகை என்று ஒன்று இருக்கிறது. ஒரு காலத்தில் குட்டி ரயில் போய் வந்த சுரங்கம் அது. கூரையில் பாதி கீழே இறங்கிய மறுவாரமே குகையாகிவிட்டது. உள்ளே தலையை நீட்டிக் கூப்பிட்டால் நம் குரல் நமக்கே திரும்பி வரும் என்று கல் சொல்கிறது. முன்பு அந்த ரயிலுக்கு நான்கு பெட்டிகள், இப்போது மூன்று. நான்காவதைப் பற்றிக் கல் ஒன்றும் சொல்லவில்லை, கல்லை யாரும் குடைந்து கேட்கவும் இல்லை. அப்புறம் அமைதிக் குளம். பெயருக்குக்கூட ஒரு படகு கிடையாது. சுற்றிலும் பெஞ்சு போட்டிருக்கிறார்கள், உட்கார்ந்து தண்ணீரைப் பார்க்கலாம், அதற்குத் தனி டிக்கெட். அதையும் தாண்டிப் போனால், வானத்தைப் பார்த்து ஏறிப் பாதியில் நின்றுவிடும் ஒரு படிக்கட்டு. அதற்குக் கனவுப்படி என்று பெயர். புதிதாகக் கல்யாணமானவர்கள் அதில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். படம் நன்றாகத்தான் விழுகிறது.

இந்தப் பூங்காவின் பெரிய ராட்டினத்துக்கு ஒரு ஃபிட்டர் இருந்தார். இருபத்தாறு வருடமாக அவருக்கு அது ஒன்றுதான் வேலை. காலை ஏழு மணிக்கு இரும்பு ஏணியில் ஏறி, கைக்கு அடக்கமான ஒரு சுத்தியலால் நானூற்றுப் பன்னிரண்டு இடங்களில் தட்டிப் பார்ப்பார். சரியாக இருக்கும் இரும்பு 'ணங்' என்று சொல்லும். சரியில்லாதது 'தொப்' என்று சொல்லும். தொப் என்றதை இறுக்கிவிட்டோ மாற்றிவிட்டோ இறங்குவார்.

இதற்கு நலத்தாள் என்று ஒரு காகிதம் உண்டு. இடது பக்கம் வரிசை எண், வலது பக்கம் 'நலம்' என்று ஒரே ஒரு கட்டம். வேறு கட்டம் கிடையாது. நிரப்பிய தாள் காலை ஆறரைக்கு அலுவலகம் போய்ச் சேர வேண்டும் என்பது விதி. ஏழு மணிக்குப் பார்க்கப்போவதை ஆறரைக்கு எப்படி எழுதுவது? அதனால் ஃபிட்டர் முந்தின நாள் சாயங்காலமே நானூற்றுப் பன்னிரண்டு டிக் போட்டு, கையெழுத்தும் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவார். இருபத்தாறு வருடத்தில் ஒருநாள்கூடத் தாள் தாமதமானதில்லை என்று அவருக்கு ஒருமுறை சுவர்க்கடிகாரம் பரிசு கொடுத்தார்கள்.

அவர் மனைவிக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் விரிப்பு மடிக்கிற வேலை. மடிக்கும் மேஜை மாடியில், மேஜைக்கு எதிரே ஒரு ஜன்னல், ஜன்னலில் ராட்டினத்தின் மேல்பாதி மட்டும் தெரியும். கூண்டுகள் ஏறி வருவதையும், உச்சியில் கொஞ்சம் தயங்கி மறுபக்கம் இறங்கிப் போவதையும் பார்த்துக்கொண்டே அந்த அம்மாள் லட்சக்கணக்கான விரிப்புகளை மடித்திருக்கிறார். ஒருநாளும் அதில் ஏறியதில்லை.

"என்னிக்காவது ஒரு தடவை என்னை ஏத்துங்க. மேலேருந்து எங்க ஜன்னல் தெரியுதான்னு பாக்கணும். வேற ஒண்ணும் வேணாம்" என்பார்.

"கிரீஸ் போட்டிருக்கு. துணியெல்லாம் பாழாயிடும்" என்பார் ஃபிட்டர்.

அடுத்த வருடம் கேட்டால் காற்று. அதற்கடுத்த வருடம் கூட்டம். தான் நலம் என்று கையெழுத்துப் போட்ட எதிலும் அவர் தன் வீட்டு மனிதரை ஏற்றியதில்லை. ஏன் என்று தன்னைத் தானே கேட்டுக்கொண்டதும் இல்லை. கேட்டிருந்தால் அந்த வேலையில் இத்தனை வருடம் ஓட்டியிருக்க முடியாது.

பூங்காவுக்கு ஐம்பதாவது வருடம் வந்தது. பொன்விழாச் சனிக்கிழமையன்று ராட்டினத்தின் முப்பத்தாறு கூண்டுகளிலும் ஊழியர் வீட்டுப் பெண்களை ஏற்றி முதல் சுற்று விடுவதென்று பொது மேலாளர் உத்தரவு போட்டார். முதல் கூண்டு ஃபிட்டரின் மனைவிக்குக் குலுக்கலில் விழுந்தது. வரலாற்றுத் துறையின் தலைவர் அந்த அம்மாளின் கூடப்பிறந்த அண்ணன் என்பதற்கும் குலுக்கலுக்கும் சம்பந்தமே இல்லை என்று, யாரும் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டார்கள். அம்மாள் அந்த அட்டையை முகம் பார்க்கும் கண்ணாடியின் சட்டத்தில் செருகி வைத்தார். தலை வாரும்போதெல்லாம் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார். அந்தச் சிரிப்பைப் பார்த்து ஃபிட்டருக்கும் ஒரு வாரம் மனசு குளிர்ந்துதான் இருந்தது.

விழாவுக்கு முந்தின திங்கட்கிழமை, தங்க வண்ணம் அடிப்பதற்காகப் பெயின்டர்கள் ராட்டினத்தின் பழைய பூச்சைச் சுரண்டினார்கள். ஒன்றன்மேல் ஒன்றாக ஒன்பது பூச்சு இருந்தது. ஒன்பதும் போன பிறகு ஃபிட்டர் நடு அச்சைத் தட்டினார். முப்பத்தாறு கூண்டின் பாரத்தையும் தாங்குவது அந்த ஒரு அச்சுதான். அது தொப் என்றது.

இத்தனை நாளும் பூச்சின் மேல் தட்டியபோது அது என்ன சொல்லிக்கொண்டிருந்ததோ, யார் கண்டது. கண்ணைக் கிட்டத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். தலைமயிர் கனத்துக்கு ஒரு கோடு, உள்ளங்கை நீளம். சட்டைப்பையிலிருந்து சாக்பீஸை எடுத்துக் கோட்டின் இரண்டு முனையிலும் குறுக்கே அடையாளம் போட்டார். கூண்டுகளுக்கு அடித்த பெயின்ட் காய்வதற்காக அன்று ராட்டினத்தை ஒரு மணி நேரம் காலியாகச் சுற்றவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் ஏறிப் பார்த்தால், கோடு சாக்பீஸ் அடையாளத்தைத் தாண்டி ஒரு விரற்கடை போயிருந்தது. காலி ராட்டினத்துக்கே ஒரு நாளைக்கு ஒரு விரற்கடை. சனிக்கிழமை அதில் முப்பத்தாறு வீட்டுப் பெண்கள் உட்காரப் போகிறார்கள்.

மறுநாளைக்கான நலத்தாளின் ஓரத்தில், கட்டத்துக்கு வெளியே, 'நடு அச்சில் விரிசல்' என்று எழுதி எடுத்துக்கொண்டு பராமரிப்பு அலுவலகத்துக்கு ஓடினார். குமாஸ்தா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னண்ணே, ஓரத்துல கிறுக்கியிருக்கீங்க?"

"கிறுக்கல் இல்லை தம்பி. அச்சு விரிசல் விட்டிருக்கு. ராட்டினத்தை நிறுத்தணும்."

"சரிண்ணே, ஆனா இதை எங்க ஏத்துறது? நலம்னு ஒரு கட்டம்தான் இருக்கு. காலியா விட்டா தாள் முழுசா இல்லைன்னு திருப்பி அனுப்பிடுவாங்க."

"அப்ப நலம் இல்லைங்கிறதை எதுலதான் எழுதுறது?"

குமாஸ்தா நல்ல மனிதர். பீரோவைத் திறந்து, அடித்தட்டிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்துத் தூசி தட்டி, விபத்துப் படிவம் ஒன்றை உருவிக் கொடுத்தார். ஐம்பது வருடமாகப் பிரிக்காத கட்டு. படிவத்தின் முதல் கேள்வி, விபத்து நடந்த தேதி.

"இன்னும் நடக்கலையே" என்றார் ஃபிட்டர்.

"நடக்காததை எப்படிண்ணே பதிவு பண்றது? நடக்கட்டும், கொண்டு வாங்க. முதல் ஆளா உங்களுதை எடுத்துக்கிறேன்." குரலில் துளிக் கேலி இல்லை. உதவி செய்கிற சந்தோஷம்தான் இருந்தது.

"சனிக்கிழமை நடக்கும்னு வச்சுக்குங்க."

"சனிக்கிழமை ஆபீஸ் லீவுண்ணே, விழா இல்லையா? திங்கக்கிழமை வாங்க."

அன்று சாயங்காலம் வீட்டில், சனிக்கிழமை நீ ஏற வேண்டாம் என்று மனைவியிடம் சொன்னார். அம்மாள் மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைக்கவில்லை.

"இந்தத் தடவை கிரீஸா, காத்தா?"

"விரிசல். நடு அச்சுல. சத்தியமா சொல்றேன்."

"இருபத்தாறு வருஷமா தினம் தட்டுறீங்க. தினம் நலம்னு கையெழுத்துப் போடுறீங்க. நான் ஏறப்போற அன்னிக்குப் பாத்து அது விரிசல் விடுதா?" துணியை உதறி மறுபடி மடித்தார். "எங்க அண்ணன் வாங்கிக் குடுத்த சீட்டுன்னு உங்களுக்குக் கடுப்பு. அதைச் சொல்லிட்டுப் போங்க."

மனைவி சொன்னதில் பாதி உண்மை என்பதுதான் ஃபிட்டரைக் குத்தியது. கையெழுத்துப் போட்டவர் அவர்தானே.

புதன்கிழமை நேராக மச்சானிடமே போனார். மச்சான் ஒல்லியான மனிதர், யாரிடமும் அதிர்ந்து பேசாதவர், தர்மசங்கடமான சமயத்தில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறவர். ஃபிட்டருக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். விஷயத்தைக் கேட்டதும் டார்ச், அளவுநாடா, படம் எடுக்கிறவர் ஒருவர் சகிதம் கிளம்பி ஏணியில் ஏறிவிட்டார். அச்சுக்கு முன்னால் நெடுநேரம் நின்றார்.

"அருமை மாப்ளே. பொன்விழாவுக்கு மூணு நாள் முன்னாடி கண்டுபிடிச்சிருக்கீங்க பாருங்க, அதுதான் விசேஷம்."

"மச்சான், இது ஒடஞ்சிடும்."

"அது பராமரிப்புக்காரங்க பாடு. நம்ம துறைக்கு இது என்னன்னுதான் கேள்வி. இருக்கிறதை இல்லைன்னு சொன்னா அது பொய். பொய் நாங்க எழுதுறதே இல்லை. இருக்கிறதுக்கு ஒரு பேர் வைப்போம், அவ்வளவுதான்."

பெயர் வைக்க ஒரு குழு உட்கார்ந்தது. நான்கு மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். முதல் தீர்மானத்தில், விரிசல் என்ற சொல் பூங்காவின் எல்லாக் குறிப்புகளிலிருந்தும் நீக்கப்பட்டது. இரண்டாவது தீர்மானத்தில் அதற்குப் பொன்விழா ரேகை என்று பெயர் வந்தது. மூன்றாவதில், ரேகையைச் சுற்றிக் கண்ணாடிப் பெட்டி, உள்ளே விளக்கு, ஏறிப் பார்க்கக் கைப்பிடி வைத்த படி. சாக்பீஸ் அடையாளங்களை ஈரத்துணியால் துடைத்தார்கள். வரலாற்றுச் சின்னத்தின் மேல் கிறுக்கியதற்காக ஃபிட்டருக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதமும், அதைக் கண்டுபிடித்ததற்காக ஒரு பாராட்டுக் கடிதமும் ஒரே உறையில் வந்தன. சுத்தியலை வாங்கிக்கொண்டு போய் 'ரேகையின் குரலை முதலில் கேட்ட சுத்தியல்' என்று எழுதிக் காட்சியில் வைத்துவிட்டார்கள். தட்டிப் பார்க்க இனி அவரிடம் ஒன்றும் இல்லை.

வியாழக்கிழமை திறப்பு. பொது மேலாளர் நல்ல உயரம், நல்ல குரல், கையில் காகிதம் இல்லாமல் பேசுகிறவர். ராட்டினத்திலிருந்து சரியாக அறுபது அடி தள்ளி மேடை போடச் சொல்லியிருந்தார்.

"நண்பர்களே," என்று ஆரம்பித்தார். "வேற பூங்காவுல இப்படி ஒரு ரேகை விழுந்தா இழுத்து மூடிடுவாங்க. நாம எதையும் மூடுறதில்ல. விளக்குப் போட்டுக் காட்டுறோம். இங்க ஆபத்துன்னு ஒண்ணு இருந்தா முதல்ல எனக்குத் தெரிஞ்சிருக்கணும். எனக்கு ஒண்ணும் தெரியாது. அதனால ஆபத்து இல்லை. எனக்குத் தெரியக்கூடாதுன்னு இருபது வருஷமா நான் எவ்வளவு கவனமா இருக்கேன்னு என் அதிகாரிகளுக்குத் தெரியும்."

அதிகாரிகள் பெருமையோடு தலையசைத்தார்கள்.

"சனிக்கிழமை நீங்களும் ஏறுவீங்களா ஐயான்னு சில பேர் கேக்குறாங்க. ஏறணும்னு ஆசைதான். ஆனா பொறுப்புன்னு ஒண்ணு இருக்கு. கீழ நிக்கிறவன் ஒருத்தன் வேணும். யாராவது மிஞ்சினாத்தானே அடுத்த வருஷ விழாவை நடத்த முடியும்?"

கைதட்டல் ஓயக் கொஞ்ச நேரம் ஆனது. ஃபிட்டர் சுற்றுமுற்றும் பார்த்தார். யாருடைய முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற பெயின்டரின் கையைப் பிடித்து, உன் வீட்டுக்காரி ஒன்பதாம் கூண்டுதானே, அனுப்பாதே என்றார். பெயின்டர் ரேகை பார்க்க வரிசையில் இடம் போய்விடும் என்று கையை உருவிக்கொண்டார். வேறு வழியில்லாமல் ஃபிட்டரும் அந்த வரிசையில் நின்று, இருபத்தாறு வருடமாகத் தினம் ஏறிய இடத்துக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு ஏறினார். பெட்டியைப் புதன்கிழமை அளவுக்குச் செய்திருந்தார்கள். கோடு கண்ணாடிக்கு வெளியே வந்திருந்தது. பெரிய பெட்டிக்குச் சொல்லியாகிவிட்டது, வெள்ளிக்கிழமை வந்துவிடும் என்று அங்கே நின்ற காவலாளி அவருக்குத் தைரியம் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலை, கடைசியாக ஒருதடவை கெஞ்சிப் பார்க்கலாம் என்று மச்சானைத் தேடிப் போனார். வரலாற்றுத் துறையின் பின்பக்கம் ஒரு நீளமான கிடங்கு. இதுவரை அவர் உள்ளே போனதில்லை. இரண்டு வரிசையாக இடுப்பளவு உயரத்தில் ஏதேதோ நின்றன, எல்லாவற்றின் மேலும் வெள்ளைத்துணி போர்த்தியிருந்தது. கோடியில் ஒரு கல்தச்சர் உளியும் கையுமாகக் குனிந்திருந்தார். அவருக்கு முன்னால் இருந்த கல்லில் பாதி எழுத்து முடிந்து, மீதி கரிக்கோட்டில் இருந்தது. ஃபிட்டர் நின்று படித்தார்.

'ஆகாயத் தோட்டம். முன்பு ராட்டினம் நின்ற இந்த இடத்தில் முப்பத்தாறு பெஞ்சுகள் அமைக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றிலும் அமர்ந்து வானத்தை ரசிக்கலாம். பேசாதிருப்பது நல்லது.'

மேலே தேதி போட்டிருந்தது. அது மறுநாள் தேதி.

"வாங்க மாப்ளே" என்று பின்னாலிருந்து மச்சானின் குரல் கேட்டது.

"இது என்ன மச்சான்?"

"கல்லு செதுக்க நாளாகும். குளத்தப்ப கல்லு வர ரெண்டு வாரம் லேட்டாயிடுச்சு. அந்த ரெண்டு வாரமும் ஜனங்க வாய்க்கு வந்தபடி பேசினாங்க. அப்பலேருந்து எல்லா வேடிக்கைக்கும் ஒண்ணு தயாரா வச்சிருக்கோம். நடக்கும்னு அர்த்தம் இல்லை. நடந்தா கைவசம் இருக்கணும், அவ்வளவுதான்."

"முதல் கூண்டுல யாரு ஒக்காரப் போறான்னு தெரியும்ல?"

மச்சான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு மறுபடியும் துடைத்தார்.

"பட்டியல் அச்சாகிப் போச்சு மாப்ளே. பேரை எடுத்தா ஏன் எடுத்தீங்கன்னு கேப்பாங்க. ஏன்னு சொல்லணும்னா அந்த வார்த்தையைச் சொல்லணும். அந்த வார்த்தையைத்தான் எடுத்துட்டோமே."

ஃபிட்டருக்கு அவர் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. உலுக்கவில்லை. போர்த்தி நின்ற கற்களை எண்ணிக்கொண்டே வெளியே வந்தார்.

தன் பட்டறையில் உட்கார்ந்து யோசித்தார். மோட்டாரில் ஒரு கம்பியைப் பிடுங்கிவிடலாமா? பிடுங்கினால் எலக்ட்ரீசியன் அரைமணியில் மாட்டிவிடுவார். இயந்திரத்தில் எது கெட்டாலும் சரிபண்ண அங்கே ஆள் உண்டு. தாளில் எழுதினால் கட்டம் இல்லை. வாயால் சொன்னால் வீட்டில்கூட நம்பவில்லை. இந்தப் பூங்காவில் எல்லாரும் மறுபேச்சில்லாமல் நம்புவது எதை? அந்தக் கேள்வியைக் கேட்டதும் அவர் எழுந்து, மூலையில் கிடந்த தகரத்தகடு ஒன்றை எடுத்து மேஜைமேல் போட்டார்.

சுத்தியல் காட்சியில் இருந்ததால் ஸ்பேனரால்தான் தட்ட வேண்டியிருந்தது. ஆணிமுனையை வைத்துப் புள்ளி புள்ளியாகக் குத்தி எழுத்தாக்கினார். பிறகு கருப்பு பெயின்ட் அடித்தார். பத்தடி தள்ளி நின்று பார்த்தால் கல் என்றே சொல்லலாம். மறுநாள் காலை ஆறு மணிக்கு ராட்டினத்தின் முன்னால், இடுப்பளவு உயரத்தில், நான்கு திருகாணி போட்டு முடுக்கினார்.

'உலகில் சுற்றாத ராட்டினங்களில் இதுவே மிகப் பெரியது. பொன்விழாவை முன்னிட்டு இன்று முதல் இது நிலையாக நிற்கும். கீழ்க் கூண்டில் அமர்ந்து அசையாமையை அனுபவிக்கலாம்.'

மேலே அன்றைய தேதி, அடியில் பொது மேலாளரின் பெயர்.

எட்டு மணிக்கு ராட்டினத்தை ஓட்டுகிறவர் வந்தார். படித்தார். படித்துவிட்டு விசையைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். விழாவுக்கு வந்திருந்த பராமரிப்புக்காரர்கள் இது வரலாற்றுத் துறையின் உத்தரவு என்று நினைத்தார்கள். வரலாற்றுத் துறையில் இருந்தவர்கள் தலைவர் சொல்லியிருப்பார் என்று நினைத்தார்கள். தலைவர் வந்து இரண்டு தடவை படித்தார். குனிந்து எழுத்துகளைப் பார்த்தார். புள்ளிகளைப் பார்த்தார். கூட்டத்தில் ஃபிட்டர் நின்ற பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பலகையைத் தொடாமல் மேடைப் பக்கம் நடந்தார்.

ஒன்பது மணிக்குப் பொது மேலாளர் வந்தார். மேலிருந்து கீழே படித்துக்கொண்டே வந்தவர் தன் பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்தார். தன் பெயர் போட்ட கல்லை மறுத்துப் பேச அவருக்கு வழியும் இல்லை, மனசும் இல்லை.

"இது நான் ரொம்ப நாளா யோசிச்சு எடுத்த முடிவு" என்று மேடையில் சொன்னார். "சுத்துற ராட்டினம் எல்லா ஊர்லயும் இருக்கு. அதுல என்ன பெருமை? சுத்த முடிஞ்சும் சுத்தாம இருக்கிறதுக்கு ஒரு நிர்வாகம் வேணும். அந்த நிர்வாகம் நாமதான்."

முப்பத்தாறு பெண்களும் வரிசையில் நின்றார்கள். ராட்டினம் சுற்றாததால் எல்லாருக்கும் அடியில் இருந்த அந்த ஒரே கூண்டுதான். ஆளுக்கு நான்கு நிமிடம். முதலில் ஃபிட்டரின் மனைவி ஏறினார். தரையிலிருந்து முழங்கால் உயரம். நேர் எதிரே டிக்கெட் அறையின் பின்சுவர், சுவரில் சாத்திய துடைப்பம், ஒரு வாளி. நான்கு நிமிடமும் அதையே பார்த்தார். ஃபிட்டர் கீழே நின்று அச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது அசையவில்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

இறங்கி வந்த அம்மாள் அவரை ஓரமாக இழுத்துக்கொண்டு போனார்.

"இருபத்தாறு வருஷம் காத்திருந்து, ஒரு வாளியைப் பாத்துட்டு வரேன். இது உங்க வேலைதானே?"

"என் வேலை இல்லை."

"என் சாப்பாட்டு டப்பா மூடியில எம் பேரை இதே மாதிரிதான் குத்திக் குடுத்தீங்க. உங்க புள்ளி எனக்குத் தெரியாதா?" அவர் முகத்தையே பார்த்தார். கோபம் மெல்ல இறங்கியது. "அப்ப நிஜமாவே விரிசலா?"

"ஆமா."

அம்மாள் அண்ணாந்து உச்சிக் கூண்டைப் பார்த்தார். பிறகு வரிசையில் சிரித்துப் பேசிக்கொண்டு நின்ற மற்றப் பெண்களைப் பார்த்தார். ஃபிட்டரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

அத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். ஆனால் விழாவின் முடிவில் பொது மேலாளர் மறுபடியும் ஒலிபெருக்கியைப் பிடித்தார். அசையாமையை அனுபவித்த பெண்களுக்கு அசைவையும் அனுபவிக்கக் கொடுக்க வேண்டும் என்று அவருக்கு அந்த நிமிடம் தோன்றியிருந்தது. அடுத்த சனிக்கிழமை அந்த முப்பத்தாறு பேரையும் ஊஞ்சல் கப்பலில் ஏற்றுவதென்று அறிவித்தார். கப்பலையும் விழாவுக்குத் தங்க வண்ணம் அடிக்கலாம் என்றார். முதல் வரிசை முதல் இருக்கை ஃபிட்டரின் மனைவிக்கு என்று புது அட்டை அப்போதே வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மச்சான் வீட்டுக்கு வந்தார். விசேஷம் இல்லாமல் அவர் வருவது வழக்கமில்லை. நாற்காலியைப் போட்டும் உட்காரவில்லை. வாசற்படியிலேயே நின்று குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சனிக்கிழமை தங்கச்சிக்கு வேற வேலை இருக்குன்னு சொல்லிடுங்க மாப்ளே. உடம்பு சரியில்லைன்னாலும் சரி."

ஃபிட்டர் அவரையே பார்த்தார். "கப்பல் கல்லுல தேதி போட்டாச்சா மச்சான்?"

மச்சான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார். அதற்குள் உள்ளேயிருந்து அம்மாள் ஈரக்கையோடு வந்து நின்றார். எல்லாம் காதில் விழுந்திருந்தது.

"எனக்கு வேலை இருக்குண்ணே, சரி. மத்த முப்பத்தஞ்சு பேருக்கும் என்ன வேலை இருக்குன்னு சொல்றது?"

"பட்டியல் அச்சாகிப் போச்சும்மா" என்றார் அண்ணன். துடைத்த கண்ணாடியைப் போட்டுக்கொள்ளாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு படியிறங்கித் தெருவில் நடந்தார். நடை தடுமாறியது.

அம்மாள் கதவைச் சாத்தினார். கண்ணாடிச் சட்டத்தில் செருகியிருந்த புது அட்டையை உருவிக் கிழித்துப் போட்டார். சமையலறைக்குப் போய்க் கனமான இரும்புக் கரண்டி ஒன்றைக் கொண்டுவந்து, நாளைக்குக் கப்பலை இதால் தட்டிப் பாருங்கள் என்று கணவர் முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"அந்தக் கிடங்குல மொத்தம் எத்தனை கல்லு இருந்துச்சு?"

"கப்பலோட சேத்து இருபத்தி ரெண்டு."

"உங்ககிட்ட தகரம் எத்தனை இருக்கு?"

ஃபிட்டர் பட்டறையை மனசுக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"ஒண்ணு" என்றார்.